வைரஸ் போய்விட்டது, கணினி எழ ஏழு நிமிடம்: ஃபார்மட் பண்ணவா, வேண்டாமா?

ஜெராக்ஸ்கடை:
ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10, ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். யாரோ வாடிக்கையாளர் கொண்டுவந்த பென் டிரைவ் வழியாக ஷார்ட்கட் வைரஸ் புகுந்துவிட்டது. ஃபோல்டர்கள் மறைந்துபோய், அதே பெயரில் ஷார்ட்கட்டுகள் நின்றன. புதிதாக ஒரு ஆன்டிவைரஸ் போட்டு இரவு முழுக்க ஸ்கேன் ஓடவிட்டேன். வைரஸ் போய்விட்டது. ஆனால் முன்பு ஒன்றரை நிமிடத்தில் தயாராகும் கணினி இப்போது ஏழு நிமிடம் எடுக்கிறது. டெஸ்க்டாப் வந்ததும் ஏதோ ஸ்கிரிப்ட் ஃபைலைக் காணோம் என்று ஒரு பெட்டி வேறு. ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வரும் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஃபார்மட்பாண்டி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஃபைல்களை வேறு இடத்தில் எடுத்துவைத்துவிட்டு ஃபார்மட் அடியுங்கள். அரை நாள் வேலை. ஒருமுறை வைரஸ் குடியிருந்த விண்டோஸை நான் தொடமாட்டேன்.

திருகாணி:
எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறார் பாண்டி அண்ணன். டிடிபி கடையில் ஃபார்மட் என்றால் பேஜ்மேக்கர், பாமினி முதலான எழுத்துருக்கள், தமிழ்த் தட்டச்சு மென்பொருள், பிரிண்டர் டிரைவர் என்று எல்லாம் முதலில் இருந்து. அரை நாளில் முடியுமா?

ஜெராக்ஸ்கடை, அந்தப் பெட்டிக்குப் பயப்பட வேண்டாம். இந்த வகை வைரஸ் பெரும்பாலும் ஒரு விபிஎஸ் ஸ்கிரிப்ட், அதாவது விண்டோஸ் தானே ஓட்டும் சின்னக் கட்டளைக் கோப்பு. ஆன்டிவைரஸ் ஸ்கிரிப்டை அழித்துவிட்டது. அதை ஓட்டச் சொல்லும் ஸ்டார்ட்டப் பதிவு மட்டும் மிச்சம் இருக்கிறது. கணினி எழும்போது தானாக ஓடுபவற்றைப் பட்டியலிடும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் கருவியைத் திறந்தால், ஃபைல் இல்லாத பதிவுகள் மஞ்சள் நிறத்தில் தெரியும். அதில் இந்த விபிஎஸ் வரி எதுவோ அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். ஆனால் அதனால் ஏழு நிமிடம் ஆகாது. நேரம் எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று உள்ளே போங்கள். எண் 100 என்ற பதிவில் பூட் ஆன நேரம் மில்லிசெகண்டில் இருக்கும். 101 என்றால் தாமதித்தது ஒரு புரோகிராம், 102 டிரைவர், 103 சர்வீஸ். ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுப் பாருங்கள். ஷட்டவுன் கொடுத்தால், அடுத்த முறை சீக்கிரம் எழ விண்டோஸ் வைத்திருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி குறுக்கே வந்து கணக்கு மாறும்.

ஃபார்மட்பாண்டி:
மில்லிசெகண்ட் பார்க்கிற நேரத்தில் நான் விண்டோஸே போட்டு முடித்திருப்பேன் தம்பி.

ஜெராக்ஸ்கடை:
பார்த்தேன். மொத்தம் 4,38,000. அதில் மெயின் பாத் (டெஸ்க்டாப் வரும்வரை) 61,000, போஸ்ட் பூட் (அதற்குப் பிறகு) 3,77,000. 103 என்ற எண்ணில் இரண்டு பதிவுகள். ஒன்று புதிய ஆன்டிவைரஸ். இன்னொன்று, போன வருடம் கணினியைச் சரிபார்த்தவர் போட்டுவிட்டுப் போன வேறொரு ஆன்டிவைரஸ். அது காலாவதியாகி ரொம்ப நாள் ஆகிறது. இன்னும் ஓடுகிறது என்றே எனக்குத் தெரியாது.

திருகாணி:
அதுதான். டெஸ்க்டாப் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆறு நிமிடம் டிஸ்க் மூச்சுவாங்குகிறது. திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு பேரும் சோதிக்கிறார்கள். பழையதை அந்த நிறுவனமே தரும் ரிமூவல் டூல் வைத்து நீக்குங்கள். கன்ட்ரோல் பேனலில் நீக்கினால் சில சமயம் டிரைவர் தங்கிவிடும்.

ஜெராக்ஸ்கடை:
நீக்கினேன். மூன்றேகால் நிமிடம். பெட்டியும் வரவில்லை. ஆனாலும் பழைய ஒன்றரை நிமிடம் வரவில்லையே?

ஃபார்மட்பாண்டி:
பார்த்தீர்களா! பாதிக் கிணறு.

மெகானிக்மாமா:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இருவருமே டிஸ்க்கைப் பற்றிப் பேசவில்லை. இரவு முழுக்க ஸ்கேன் என்றால், வருடக்கணக்கில் யாரும் தொடாத ஃபைல்களையும் டிஸ்க் படித்தாக வேண்டும். ஏற்கெனவே தளர்ந்த டிஸ்க் என்றால் அதன் வண்டவாளம் அப்போதுதான் வெளியே வரும். பழி வைரஸ் மேல் விழும். ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் லாக் திறந்து, டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 இருக்கிறதா பாருங்கள். 7 என்றால் பேட் பிளாக், அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போன இடம். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவும் ஒருமுறை ஓட்டுங்கள்.

ஜெராக்ஸ்கடை:
7 வரிசையாக நிற்கிறது மாமா. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சளில் காஷன் என்கிறது. கரன்ட் பெண்டிங் செக்டார், அதாவது படிக்கத் திணறும் இடங்களின் எண்ணிக்கை, பூஜ்யம் இல்லை.

மெகானிக்மாமா:
இனி ஸ்கேன், டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் எதுவும் ஓட்டாதீர்கள். முதலில் முக்கிய ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுங்கள். ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். 240 ஜிபி போதும்.

திருகாணி:
டிஸ்க்கை நானும் கேட்டிருக்க வேண்டும், தப்புதான். ஆனால் பாண்டி அண்ணே, நீங்கள் சொன்னபடி அன்றைக்கே ஃபார்மட் அடித்திருந்தால் புது விண்டோஸ் இதே ஓட்டை டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஃபார்மட்பாண்டி:
அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் வேகத்துக்காக மட்டும் ஃபார்மட் சொல்லவில்லை. அந்த ஸ்கிரிப்ட் பின்னாலேயே வேறு எதையாவது இறக்கிவைத்ததா என்று யாரால் சொல்ல முடியும்? இந்தக் கணினியில்தான் ஊர்க்காரர்களின் ஆதார், மின்கட்டணம், பேங்க் லாகின் எல்லாம் ஓடுகிறது. வைரஸ் எதுவும் இல்லை என்று ஆன்டிவைரஸ் சொன்னால், அதற்குத் தெரிந்த வைரஸ் எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம்.

திருகாணி:
வீட்டுக் கணினி என்றால் பழைய டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுத்து குளோன் பண்ணச் சொல்லியிருப்பேன். அடுத்தவர் பணம் புழங்கும் கணினி என்பதால் இதில் உங்கள் பக்கம் வருகிறேன். எஸ்எஸ்டியில் புதிதாகவே போடட்டும். பாஸ்வேர்டுகளை வேறு கணினியிலோ போனிலோ வைத்து மாற்றட்டும். அப்புறம், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஐ3 எட்டாம் தலைமுறைக்கு முந்தியது என்றால் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாக இடமில்லை. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மட்பாண்டி:
கடைசியில் ஃபார்மட்தானே!

திருகாணி:
வேறு டிஸ்க்கில், அண்ணே. வேறு காரணத்துக்காக.

ஜெராக்ஸ்கடை:
எஸ்எஸ்டி வாங்கியாகிவிட்டது. ஐ3 எட்டாம் தலைமுறைதான், அதனால் 11 போட்டேன். 25 செகண்டில் வருகிறது. பழைய டிஸ்க்கிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை ஃபோல்டர் மட்டும் வரவில்லை. திரும்ப டைப் அடித்துக்கொள்கிறேன். பேஜ்மேக்கர் சிடியும் பீரோவில் கிடைத்துவிட்டது. ஆனால் சிடி டிரைவ் திறக்க மாட்டேன் என்கிறது. யாராவது இருக்கிறீர்களா?

மெகானிக்மாமா:
முன்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி உள்ளே அழுத்துங்கள்.