கண் சிவந்தால் வெயில் என்று நினைத்தோம்

காட்பாடி, பைக் மெக்கானிக்:

போதையில் சிக்கிய என் அக்கா மகனைப் பற்றி எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுடா, எம்புள்ள பேரு மட்டும் போடாத" என்றாள்.

அவனுக்கு அப்போது 18 வயது, பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண் சிவந்திருக்கும். வேலூர் வெயில் என்று நினைத்தோம். ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து குண்டான் சோற்றைக் காலி செய்வான். வளருகிற பிள்ளை என்று அக்கா மறுநாள் ஒரு பிடி அரிசி கூடப் போட்டாள். பாத்ரூமில் ஊதுபத்தி வாசனை வந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி வாங்கித் தீர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

அக்கா பீடி சுற்றுகிறவள். ஒரு நாள் துவைக்கப் போட்ட பேன்ட் பாக்கெட்டில் ஒரு காகிதச் சுருட்டு இருந்தது. என்னிடம் கொண்டுவந்தாள். கஞ்சா என்று எனக்கு வாசனையிலேயே தெரிந்துவிட்டது. அவள் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தால் அழுத்தி உள்ளே மடித்திருந்தது, அவள் மடிக்கிற மாதிரியே. ஆறு வயதில் அவள் மடியில் உட்கார்ந்து, முறத்திலிருந்து இலை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கற்றுக்கொண்டது. "நான்தாண்டா சொல்லிக் குடுத்தேன்" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அக்கா வீட்டுக்காரர் பெல்ட்டால் அடித்தார். பையன் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. திரும்பி வந்ததும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே தெரிந்தால் பெரியவளுக்கு மாப்பிள்ளை வராது என்று எட்டு மாசம் மூடி வைத்தோம். வாரத்துக்கு ஒன்று என்று இருந்தது அந்த எட்டு மாசத்தில்தான் தினமும் ஆனது. அடியைவிட அந்த மௌனம்தான் அவனை அதிகம் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு ராத்திரி அவனை பைக்கில் ஏற்றிப்போய் பாலாற்றுப் பாலத்தில் நிறுத்தினேன். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. "எப்போடா தோணுது மாப்ளே?" என்றேன். ரொம்ப நேரம் மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். "தூங்கறதுக்கு மாமா." அரியர் விழுந்ததிலிருந்து தூக்கமே இல்லையாம். முதல் மூன்று தடவை கூடப் படிக்கிறவன் சும்மா கொடுத்திருக்கிறான். நாலாவது தடவை துட்டு கேட்டிருக்கிறான். ஆந்திரா பக்கமிருந்து வரும் ரயிலில் காட்பாடி ஜங்ஷனில் பை பையாகப் பிடித்தார்கள் என்று பேப்பரில் அடிக்கடி வரும். அதைப் படித்துப் படித்து, இதைக் கொடுப்பவன் யாரோ முகம் தெரியாத ஆளாக இருப்பான் என்று நினைத்திருந்தேன். கொடுத்தவன் எங்கள் வீட்டில் பொங்கலுக்குச் சாப்பிட்ட பையன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயமும் இருந்தது. தெரிந்த வக்கீல் ஒருவர்தான் தெளிவாகச் சொன்னார். 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ மாட்டியிருந்தாலும், தானே முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். கஞ்சாவுக்குச் சிறிய அளவு என்பது 1 கிலோ வரை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். இது தெரியாமல் எத்தனை வீடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதோ.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையத்தில் சேர்த்தோம். அங்கே வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். அக்கா முறத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கிளம்பினாள். முதல் பத்து நாள் அவனுக்குத் தூக்கம் கிடையாது, சோறு இறங்கவில்லை, தொட்டதற்கெல்லாம் கத்தினான். கஞ்சாவை விட்டால் இரண்டு வாரம் வரை இப்படித்தான் இருக்கும், இது திமிர் இல்லை என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் அவன் அப்பா வந்து பார்த்தார்.

நாலாவது மாசம் ஒரு தடவை வழுக்கிவிட்டான். மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நின்று, "மாமா, நேத்து ஒண்ணு இழுத்துட்டேன்" என்றான். அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

குடியாத்தம், மருந்துக்கடை:

அண்ணா, உங்கள் அக்கா சொன்ன வார்த்தையைப் படித்துவிட்டு, கடையில் ஆள் நிற்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என்னிடம் வருகிறவர்கள் கேட்பது மாத்திரை. தீராத வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது, அபின் குடும்பத்தைச் சேர்ந்தது, சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. போனில் ஒரு பழைய சீட்டின் படத்தைக் காட்டுவார்கள். ஒருவன் கேட்பான், இன்னொருவன் எதிர்ப்பக்கம் வண்டியை ஆஃப் பண்ணாமல் நிற்பான். போன மே மாசம் ஒரு பையன் முழுக்கைச் சட்டையோடு வந்தான். துட்டு நீட்டும்போது சட்டை ஒரு விரற்கடை ஏறியது. உள்ளே நரம்பு நெடுக கருப்பாகத் தடித்திருந்தது.

வாயில் போட வேண்டிய மாத்திரையை ஊசியில் ஏற்றினால், அதில் சேர்த்திருக்கும் கரையாத மாவு ரத்தக் குழாயை அடைத்துவிடும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றினால் ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் சி எல்லாம் வரலாம். விட முயன்றால் கொட்டாவி, மூக்கொழுகல், உடம்பு வலி, வயிற்றுப்போக்கு. வீட்டில் சளிக் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைப்பார்கள். இதற்கும் சரியான மருந்து இருக்கிறது, மனநல டாக்டர் மேற்பார்வையில் கொடுப்பார்கள்.

அந்தப் பையனுக்கு மாத்திரை கொடுக்கவில்லை. ஆனால் இல்லை என்று சொல்லி அனுப்பியதோடு சரி, ஒரு வார்த்தை பேசவில்லை. அது தப்பு. இப்போது பேசுகிறேன். சீட்டு இல்லாமல் பல மடங்கு விலைக்கு விற்கிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களை என்னால் மன்னிக்க முடியாது.

ஆம்பூர் பக்கம், நடுநிலைப் பள்ளி ஆசிரியை:

இன்னும் சின்னப் பிள்ளைகளைப் பற்றி நான் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன், 12 வயது. கர்ச்சீப்பை மூக்கிலேயே வைத்திருந்தான். சளி என்றான். பக்கத்தில் போனால் ஷூ ஒட்டுகிற பேஸ்ட் வாசனை. ஷூ கம்பெனிகள் இருக்கிற எங்கள் ஊரில் அந்த வாசனை எல்லார் உடுப்பிலும் இருக்கும், அதனால்தான் எனக்கு உறைக்க நாளாயிற்று. வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாகப் புண் இருந்தது.

மத்திய அரசு 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த போதை இந்த முகரும் வகை ஒன்றுதான். கஞ்சாவுக்கு ஆள் தேட வேண்டும், இது பங்க்சர் கடையில் கிடைக்கிறது. ஒரு விஷயம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்: முகர்ந்த நிலையில் இருக்கிற பிள்ளையை விரட்டவோ மிரட்டவோ கூடாது. இதயம் தாளம் தப்பி அந்த இடத்திலேயே நின்றுவிடக்கூடும். ஜன்னலைத் திறந்து, உட்கார வைத்து, மெதுவாகப் பேச வேண்டும்.

அவன் அம்மா கம்பெனி விட்டு வர ராத்திரி ஏழு ஆகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் கிடையாது. "மோந்தா பசி தெரியாது டீச்சர்" என்றான். சாயங்காலம் அவனுக்கு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து ஏழு மணி வரை என்னோடு வைத்துக்கொண்டேன். மூன்று மாசம். பிறகு குடும்பத்தோடு பெங்களூர் பக்கம் போய்விட்டார்கள். எங்கே படிக்கிறான் என்று தெரியவில்லை.

சத்துவாச்சாரி, வயது 24:

டீச்சர், உங்களை மாதிரி ஒருவர் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் கஞ்சாவை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் ஜூன் 26 போதை ஒழிப்பு தினம் என்று பேரணி நடக்கும். மண்டை ஓடு படம் போட்ட அட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன். அன்றைக்குச் சாயங்காலமும் அடித்தேன். செத்துப்போவாய் என்று சொன்னார்கள், நான் சாகவில்லை, அதனால் மற்றது எல்லாமும் பொய் என்று முடிவு கட்டினேன். ஞாபகம் குறையும், சிலருக்கு யாரோ பேசுகிற மாதிரி காதில் கேட்கும், சின்ன வயசில் ஆரம்பித்தால் அந்த ஆபத்து கூடும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். எனக்கு அந்தக் குரல் கேட்டது. அதற்குப் பிறகுதான் பயந்தேன்.

"வேண்டாம்னு சொல்லு" என்பார்கள். கூட்டத்தில் அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? "எனக்கு வீசிங் டா" என்று சொல்லித் தப்பித்தவன் எங்கள் செட்டில் ஒருவன் இருந்தான். அவனை யாரும் ஒதுக்கவில்லை. தம்பிக்கு நான் சொல்லிக் கொடுத்திருப்பது அந்த ஒரு வரியைத்தான்.

காட்பாடி, பைக் மெக்கானிக்:

தம்பி, அந்த வரியை என் பையனுக்கும் சொல்கிறேன்.

எங்கே கேட்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 14446, மத்திய அரசின் இலவச எண், சிகிச்சை பற்றிப் பேசலாம். விற்கிறவர்களைப் பற்றிச் சொல்ல நம் மாநிலத்தில் 10581.

மாப்பிள்ளை இப்போது காலையில் என் கடையில்தான் இருக்கிறான், மதியம் அரியருக்குப் படிக்கிறான். நேற்று கண் சிவந்திருந்தது. இப்போதெல்லாம் நேராகக் கேட்டுவிடுகிறேன். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரலால் இமையை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினான். "நல்லா பாரு மாமா. வெயில்தான்."