புதுப்பிப்பு: ரகுசு தைக்கும்போது துணி சுருங்கிய பிரச்சினை தீர்ந்தது

ஜுகாய் எனும், பௌத்த ஒழுக்க நெறிகளை ஏற்கும் சடங்குக்காக ரகுசு, அதாவது கழுத்தில் மாட்டும் சிறிய ஜென் சீவரம் (பௌத்தத் துறவாடை), கையால் தைக்கிறேன், பட்டைகள் சேரும் இடமெல்லாம் சுருக்கம் விழுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் நூலுக்குத் தேன்மெழுகு தடவினேன். முடிச்சு விழுவது நின்றது, சுருக்கம் போகவில்லை. இஸ்திரி போட்டும் பார்த்தேன், பயனில்லை. கடைசியில் கைகொடுத்தது "நூலை இழுக்காதீர்கள், துணியில் படிந்ததும் விட்டுவிடுங்கள்" என்ற யோசனைதான். ஒரு பட்டையை முழுசாகப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். இப்போது கருநீலத் துணியில் தையல் நொய்யரிசி போலப் புள்ளி புள்ளியாக நிற்கிறது.

எதிர்பாராத விஷயம் ஒன்று. ஒவ்வொரு தையலுக்கும் "நமு கியே புத்சு" (புத்தரைச் சரணடைகிறேன்) என்று சொல்ல வேண்டும். அவசரத்தில் அதை விட்டிருந்தேன். சொல்லிக்கொண்டே தைத்த வரிசைகளில் கை தானாக நிதானப்பட்டது, சுருக்கமே இல்லை.

அப்புறம், மகத நாட்டு வயல்களைக் காட்டி, சீவரத்தை அதேபோல அமைக்கச் சொன்னாராம் புத்தர், தன் சீடர் ஆனந்தரிடம். அதனால் வயல் வரப்பு போன்ற தையல் கோடுகளைச் சாக்பீஸால் நேராகப் போட்டுவிட்டு ஊசியை எடுங்கள். நாடாக்கள் மட்டும் பாக்கி.