காப்பர்-டி: அந்த 10 நிமிஷம் எப்போ ஆரம்பிக்குது?

ராயபுரம்_13: "பிரசவமாகி 6 வாரம் கழிச்சுதான் காப்பர்-டி (கர்ப்பப்பைக்குள்ள வைக்கற கருத்தடைச் சாதனம்), முன்னாடி போடறதெல்லாம் டார்கெட்டுக்காக"ன்னு மேலே ஒருத்தர் அளந்திருக்கார். நஞ்சுக்கொடி, அதான் நஞ்சு, விழுந்த 10 நிமிஷத்துக்குள்ள போடலாம். தவறினா 48 மணி நேரத்துக்குள்ள. அதைத் தாண்டினாதான் 6 வாரம் காத்திருக்கணும்.

ஒத்தியூர்_தம்பி: அளந்தது நான்தான். குழந்தை பிறந்து 10 நிமிஷம்னுதான் கணக்கு. உடனே போட்டா நூத்துல பத்து வெளிய வந்துடுது. 6 வாரம் கழிச்சு போட்டா ரெண்டுதான்.

ராயபுரம்_13: நஞ்சு, தம்பி, நஞ்சு! அது உள்ள இருக்கும்போதே காப்பர்-டிய எங்க வைப்பீங்க, அது தலைமேலயா? காப்பர்-டி வெளிய விழறதுக்குப் பெரிய காரணம், கர்ப்பப்பை உச்சிக்குப் போகாம பாதியிலயே விட்டுட்டு வர்றது. அதைப் பிடிச்சு வைக்கற இடுக்கி, ஃபோர்செப்ஸ், சின்னதா இருந்தா எட்டாது. நீளமா வளைஞ்ச கெல்லி ஃபோர்செப்ஸ் வேணும், லாக் இல்லாதது. இடது கையை வயித்து மேல வெச்சுக் கர்ப்பப்பைய மேல தள்ளினாதான் வளைவு நிமிரும். முனை உச்சியில முட்டறது அந்தக் கைக்குத் தெரியணும். அப்புறம் ஃபோர்செப்ஸ் வாயைத் திறந்து, பக்கவாட்டுல ஒதுக்கி, லேசா திறந்தபடியே வெளிய எடுக்கணும். மூடி இழுத்தா நூலைக் கவ்விக்கிட்டு காப்பர்-டியும் கூடவே வந்துடும்.

வண்ணை_அக்கா: சிசேரியன்ல இந்தப் பாடே இல்ல, விழறதும் கம்மி. உச்சியில வெச்சு நூலைக் கீழ்ப்பக்கம் விட்டா போதும், கர்ப்பப்பை வாய்க்குள்ள திணிக்காதீங்க. பனிக்குடம் உடைஞ்சு 18 மணி நேரம் தாண்டிட்டாலோ, ரத்தப்போக்கு நிக்கலைன்னாலோ போடவே கூடாது. அதை ரெண்டு பேரும் பேசக் காணோம்.

ஒத்தியூர்_தம்பி: உலக சுகாதார நிறுவனம் 4 வாரம்னு சொல்லுது, இவர் 6ங்கிறார். இவர் நமக்குப் பாடம் எடுக்கறார்!

ராயபுரம்_13: முதல்ல 6ன்னு ஆரம்பிச்சது யாரு? 48 மணி நேரம் தாண்டினா நம்ம அரசு வழிகாட்டியில 6தான். போன மாசம் அந்தரா கருத்தடை ஊசி பேச்சுலயும் இதே குழப்படி பண்ணீங்க. பால் குடுக்கற தாய்க்கு அந்த ஊசிதான் 6 வாரம் கழிச்சு. அதைக் கொண்டுவந்து காப்பர்-டி தலையில கட்டறீங்க.

காசிமேடு_காத்து: இன்னாபா, பிரசவ வலியில துடிக்கறவங்க கிட்ட காப்பர்-டிக்குக் கையெழுத்து வாங்கறது மட்டும் சரியா?

வண்ணை_அக்கா: யாருங்க சரின்னா? செக்கப்புக்கு வரும்போதே பேசி முடிவு பண்ணணும். வலி ஏறினப்புறம் கேக்கக் கூடாது.

காசிமேடு_காத்து: எழுதறது வேற, வார்டுல நடக்கறது வேற.

ராயபுரம்_13: வார்டு கதை அப்புறம். தம்பி, 10 நிமிஷம் எதுலேர்ந்து? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒத்தியூர்_தம்பி: பிரசவத்துலேர்ந்து.

ராயபுரம்_13: நஞ்சு!!!