நான்கு குவளைகளும் ஒரு தவறான ஊகமும்: கறுப்பு பீர் அனுபவங்கள்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைக் கேலி செய்துகொண்டே, கறுத்த பீரெல்லாம் கசப்பும் போதையும் மிகுந்தது என்று நான் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். நண்பர் ஒருவர் பெயர் சொல்லாமல் நான்கு குவளைகளை ஊற்றி என் முன் வைத்த மாலையில்தான் அந்த எண்ணம் உடைந்தது.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது எடுத்த குளிரோடு, பருகியபோது நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. பேச்சில் சற்று நேரம் கழிந்து, குளிர் தணிந்த பிறகு மீண்டும் பருகியபோது அவற்றின் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

முதலாவதில் சுட்ட ரொட்டியின் மேலோட்டுச் சுவையும் மெல்லிய இனிப்பும் இருந்தன. கருகல் சிறிதும் இல்லை. அது ஜெர்மனியின் மியூனிக் நகரத்து மரபிலான டுங்கெல் என்ற அடர்நிற பீர். இரண்டாவது அதைவிடக் கறுப்பாக இருந்ததால் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் வகைதான் என்று உறுதியாகச் சொன்னேன். அது ஷ்வார்ட்ஸ்பியர் என்ற ஜெர்மானியக் கறுப்பு பீர் என்று தெரிந்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. லாகர் எனப்படும் பீர் வகைக்கான ஈஸ்ட்டைக் கொண்டு குளிரில் நொதிக்கவிட்டு, பல வாரங்கள் குளிரிலேயே வைத்திருப்பதால், அதில் பழவாசனை எழுவதில்லை. கோகோவின் சாயல் மட்டும் வந்து, நாக்கில் தங்காமல் போய்விடுகிறது.

மூன்றாவதுதான் உண்மையான ஐரிஷ் ஸ்டவுட். முளைகட்டாத பார்லியைக் கறுக்க வறுத்துச் சேர்ப்பதால் வரும் காபிக்கொட்டை வாசனையும் வறண்ட கசப்பும் அதன் அடையாளம். நைட்ரஜன் கலந்த நுரையோ அந்தக் கசப்பின் முனையை மழுக்கிவிடுகிறது. குழாயிலிருந்து ஊற்றப்படும் கின்னஸ் என்ற பெயர்பெற்ற ஐரிஷ் ஸ்டவுட்டின் ஆல்கஹால் அளவு ஏறத்தாழ 4.2 சதவீதம்தான், வெளிர்நிற லாகர்கள் பலவற்றைவிட அது குறைவு. நான்காவதான, ஆல்கஹால் மிகுந்த இம்பீரியல் ஸ்டவுட்டில் உலர்ந்த பழமும் கறுப்புச் சாக்லேட்டும் கலந்து, தொண்டையில் சூடு பரவியது. ஆர்வத்தில் அதைக் குடித்த பின் டுங்கெல் பக்கம் திரும்பினேன். அது வெறும் தண்ணீர்போல் ஆகிவிட்டிருந்தது.

* * *

மேலே எழுதியவர் போர்ட்டர் என்ற மற்றொரு அடர்நிற பீர் வகையைத் தொடவில்லை என்பதால் என் பங்கைச் சேர்க்கிறேன். ஒரே ஆலையின் போர்ட்டரையும் ஸ்டவுட்டையும் அருகருகே வைத்து, இரண்டு மாலைகள் முயன்றும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. இதில் என் நாக்கை மட்டும் குறைசொல்ல முடியாது என்று பிற்பாடு புரிந்தது: 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஸ்டவுட் என்பது வலுவான போர்ட்டரைக் குறித்த அடைமொழியாகவே வழங்கியது. 1817இல் டேனியல் வீலர் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, கறுக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, வெளிர் மால்ட்டோடு சிறிதளவு கறுப்பு மால்ட்டைச் சேர்த்தே அடர்நிறம் பெற முடிந்தது. போர்ட்டரில் சாக்லேட் தூக்கலாகவும் ஸ்டவுட்டில் காபி தூக்கலாகவும் இருக்கும் என்று சொல்வார்கள். அதற்கு விலக்குகளே அதிகம் என்பது என் கருத்து.

மில்க் ஸ்டவுட்டில் இத்தகைய குழப்பம் இல்லை. அதில் சேர்க்கும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைப் பீர் ஈஸ்ட் நொதிக்கச் செய்யாததால், இனிப்பும் கொழகொழப்பும் கடைசி மிடறு வரை நிற்கின்றன. பெயரில்தான் பால் என்று எண்ணி, பால் ஒத்துக்கொள்ளாத உறவினர் ஒருவருக்கு அதை ஊற்றிக் கொடுத்துவிட்டேன். அன்றிரவு முழுவதும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.