திருகோணமலைக் கப்பலுக்கு எந்தப் பீரங்கி? நேவல் அக்ஷன் அனுபவப் பகிர்வு

கிளிநொச்சி:
நேவல் அக்ஷன் எண்ட பாய்க்கப்பல் சண்டைக் கணனி விளையாட்டில ஐந்தாம் தரக் கப்பல் கைக்கு வந்தவுடன எல்லாரும் கேட்கிறது, எத்தினை இறாத்தல் பீரங்கி ஏத்துறது எண்டுதான் (இறாத்தல் எண்டது அது சுடுற குண்டின்ர நிறை). அதுக்கு முதல் கேட்கவேண்டியது, எவ்வளவு தூரத்தில நிண்டு அடிக்கப்போறியள் எண்டதை. தூரம் முடிவானால் பீரங்கியும் முடிவாகும். திருகோணமலைக் கப்பலை வைச்சே கதைப்பம், வன்னிப் பெடியளில கனபேர் அதிலதான் நிக்கினம். எந்தத் தட்டில என்ன ஏத்தினால் எந்தக் கப்பலோட என்ன நடக்குது, ஏன் நடக்குது எண்டு எழுதுங்கோ.

முதல்ல அடிப்படை. விளையாட்டில மூண்டு குடும்பம் இருக்கு: லோங், மீடியம், கரொனேட். லோங் பாரம், ஆள் கூடத் தேவை, நிரப்ப நேரம் எடுக்கும். ஆனால் தூரத்திலயும் பலகையைத் துளைக்கும், குண்டு நேராப் போகும். கரொனேட் பாரம் குறைவு, குண்டு பெரிசு, கிட்டத்தில பலகையைப் பிய்ச்சு எடுக்கும். தூரம் கூடக்கூட அதின்ர ஊடுருவல் விழுந்துபோகும். மீடியம் இரண்டுக்கும் நடுவில. ஒரு தட்டு முழுக்க ஒரே வகைதான் ஏத்தலாம், தட்டுக்குத் தட்டு மாத்தலாம். தெரிவு முழுக்க அந்த மாத்திறதிலதான் இருக்கு.

மாங்குளம்:
உண்மைக் கப்பலில இருந்து தொடங்குறன். திருகோணமலை 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தின்ர கட்டுதளத்தில தேக்கு மரத்தால கட்டி இறக்கின லீடா வகுப்பு ஃப்ரிகேட், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல். இப்பவும் இங்கிலாந்தில ஹார்ட்டில்பூலில நிக்குது. லீடா வகுப்பின்ர பிரதான தட்டில 28 பதினெட்டு இறாத்தல் பீரங்கி. ஒரு பக்கத்துக்கு 14, அப்ப ஒரு வீச்சில 252 இறாத்தல் இரும்பு, கிட்டத்தட்ட 114 கிலோ. மேல்தட்டில 32 இறாத்தல் கரொனேட்டும் சில 9 இறாத்தலும். விளையாட்டிலயும் இந்தப் பழைய அடுக்குத்தான் நல்லாப் பொருந்துது.

காரணம் பாரம். 9 இறாத்தல் பீரங்கி ஒண்டு ஏறக்குறைய 25 அந்தர். 32 இறாத்தல் கரொனேட் ஏறக்குறைய 17 அந்தர்தான். மேல்தட்டில பத்தை மாத்தினால் 80 அந்தர், நாலு தொன் பாரம் உச்சியில இருந்து இறங்கும். குண்டின்ர நிறையோ மூண்டரை மடங்கு கூடும். மேல்தட்டுக்கு லோங் 9 வாங்கிக் காசைக் கரைக்கிற தம்பிமார் இந்தக் கணக்கை ஒருக்காப் பாருங்கோ. 9 இறாத்தல் குண்டு தடிச்ச பலகையில பட்டுத் தெறிக்கும், சத்தம் மட்டுந்தான் மிச்சம்.

பாரத்தை எங்க வைக்கிறது எண்டது முல்லைத்தீவில படகேத்துறவைக்குச் சொல்லத் தேவையில்லை, ஐஸ்பெட்டியை அடியில வைக்காமல் மேல வைச்சு ஆரும் கடலுக்குப் போறேல்லை. 1628இல் சுவீடன்ர வாசா கப்பல் 64 பீரங்கியோட முதல் பயணத்திலேயே ஒரு மைலும் ஓடாமல் சரிஞ்சு, கீழ்த்தட்டுப் பீரங்கி வாசலால தண்ணி ஏறித் தாண்டது. விளையாட்டில தாழாது. ஆனால் மேல்பாரம் கூடினால் சரிவு கூடும், சரிவு கூடினால் குறி தவறும்.

புதுக்குடியிருப்பு:
மாங்குளத்தார் சொன்னதோட ஒத்துப்போறன், ஒரு இடத்தைத் தவிர. மேல்தட்டில கரொனேட் போட்டவை கனபேர் 500 மீற்றரிலயும் அதைக் கொழுத்துகினம். அந்தத் தூரத்தில கரொனேட் குண்டு பாதி கடலிலதான். பட்டதும் துளைக்காது. போதாக்குறைக்கு நிரப்பத் தொடங்கிவிடும், எதிரி கிட்ட வாற நேரம் தட்டு வெறுமையா இருக்கும். தட்டுகளைத் தனித்தனியாப் பூட்டி வைக்கலாம். 250 மீற்றருக்குள்ள வரும்வரை மேல்தட்டைப் பூட்டுங்கோ, கீழ்த்தட்டு லோங் 18 மட்டும் வேலை செய்யட்டும். கிட்ட வந்தபிறகு இரண்டையும் திறந்து ஒண்டாக் கொழுத்துங்கோ.

குறி பாக்கிறதும் இப்பிடித்தான். முழுப் பக்கத்தையும் எடுத்தவுடன கொழுத்தாதேங்கோ. ஒவ்வொண்டா இரண்டு மூண்டு சுட்டு, குண்டு எங்க விழுகுதெண்டு பாருங்கோ. முன்னுக்கு விழுந்தால் கொஞ்சம் உயர்த்துங்கோ, பாய்க்கு மேலால போனால் இறக்குங்கோ. மிச்சத்தை அதுக்குப்பிறகு விடுங்கோ.

துணுக்காய்:
அண்ணை, அப்ப முழுக்கக் கரொனேட் ஏத்தின கப்பலுக்கு வேலையே இல்லையோ? எசெக்ஸ் மாதிரிக் கப்பலில எல்லாத் தட்டிலயும் கரொனேட் ஏத்தி, ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு அடிக்கிறவை வெல்லுகினம்தானே. இரண்டே வீச்சில எதிரியின்ர பக்கப்பலகை போகுது.

கிளிநொச்சி:
வெல்லுவினம் தம்பி, ஒட்ட விட்டால். எசெக்ஸின்ர கதையே அதுக்குப் பதில். அமெரிக்க ஃப்ரிகேட், 32 இறாத்தல் கரொனேட் 40, லோங் 12 ஆறே ஆறு. கப்டன் டேவிட் போர்ட்டர் கரொனேட் வேண்டாம் எண்டு முன்னமே முறையிட்டவர். ஒரு பக்க வீச்சு 676 இறாத்தல், காகிதத்தில பாத்தால் பெரிய அடி. 1814 மார்ச் 28, வால்பரைசோ துறைமுகத்துக்கு வெளியில ஒரு காற்று வீச்சில எசெக்ஸின்ர மேல்பாய்மரம் முறிஞ்சுது. பிரித்தானிய ஃபீபி லோங் 18களோட கரொனேட் எட்டாத தூரத்தில நிண்டு அடிச்சுது. எசெக்ஸுக்குப் பதில் சொல்லக்கூடியதா இருந்தது அந்த 12 இறாத்தல் சிலதுதான். இரண்டரை மணித்தியாலம் வரை தாங்கிக் கொடியை இறக்கினது.

மறுபக்கமும் இருக்கு. 1796 யூலை 15, பிரித்தானிய கிளாட்டன், அதுவும் முழுக்கக் கரொனேட், 68 இறாத்தலும் 32 இறாத்தலும். பிரெஞ்சுக் கப்பல் கூட்டம் ஒண்டுக்கு அதுவே கிட்டப் போய் அடிச்சுது, அந்தக் கூட்டம் அடி வாங்கிக்கொண்டு விலகினது. ஃபீபி தள்ளி நிண்டது, கிளாட்டன் கிட்டப் போனது. எசெக்ஸ், கிளாட்டன் இரண்டிலயும் பீரங்கி வகை ஒண்டுதான், தூரத்தைத் தீர்மானிச்சது வேற வேற ஆக்கள். ஆகவே முழுக் கரொனேட் ஏத்தப்போறியள் எண்டால் உங்கட கப்பல் எதிரியை விட வேகமா இருக்கவேணும், காற்று வாற பக்கம் உங்களிட்டை இருக்கவேணும். இரண்டில ஒண்டு இல்லாட்டிலும் ஏத்தாதேங்கோ. அணியத்தில முன்பீரங்கிக்கு எப்பவும் லோங்தான், துரத்தேக்கை எட்டவேண்டியது அது.

நெடுங்கேணி:
காற்றைப் பற்றி ஒருத்தரும் விரிவா எழுதேல்லை. பீரங்கித் தெரிவில பாதி அதுதான்.

காற்று வாற பக்கம் நிண்டால் கப்பல் எதிரியின்ர பக்கம் சரியும், பீரங்கி வாய் கீழ நோக்கும். குண்டு எதிரியின்ர உடம்பில, நீர்மட்டத்துக்குக் கிட்டப் படும். கரொனேட்டுக்கும் இரட்டைக் குண்டுக்கும் இதுதான் இடம். மறுபக்கம் நிண்டால் வாய் மேல நோக்கும். பாயும் பாய்மரமும்தான் இலக்கு, தூரத்துக்கும் எட்டும், அது லோங்குக்குப் பொருத்தம். பிரெஞ்சுக் கப்பல்கள் அந்தப் பக்கம் நிண்டு பாய்மரத்துக்குச் சுட்டதும் பிரித்தானியர் காற்றுப் பக்கம் பிடிச்சு உடம்புக்குச் சுட்டதும் சும்மா இல்லை.

சரிவு கூடிப்போய் குறி வரேல்லையெண்டால் சுடமுதல் பாயைக் குறையுங்கோ, அல்லது பாய்த்தடியைத் திருப்பிக் காற்றை வெளியில விடுங்கோ. சில வினாடியில கப்பல் நிமிரும். நிமிருற அந்த நேரத்தில சுடுங்கோ.

குண்டு வகையும் இதோட சேர்ந்தது. சங்கிலிக் குண்டு பாய்க்கு, கிட்டத்தில. சிதறு குண்டு ஆக்களுக்கு, அதுவும் பின்னணியத்தால, கப்பலின்ர பின்பக்கத்தால, நீளத்துக்கு அடிச்சால்தான் பலன். பின்னணியத்தில தடிச்ச பலகை இல்லை. டிரஃபல்கார் சண்டையில பிரித்தானியக் கப்பல் விக்டரியின்ர 68 இறாத்தல் கரொனேட் ஒரு உருண்டையும் 500 துவக்குக் குண்டு நிறைஞ்ச பீப்பாயும் சேர்த்துப் பிரெஞ்சுக் கப்பல் பூசெந்தோரின்ர பின்னணியத்துக்குள்ள கொழுத்தினது அந்தக் காரணத்துக்குத்தான்.

வவுனியா:
ஆள் கணக்கை விட்டிட்டியள். துறைமுகத்தில பீரங்கியை ஏத்தினவுடன தேவையான ஆள் எண்ணிக்கை காட்டும். லோங் ஏத்தினால் அது ஏறும். கப்பலில இருக்கிற ஆக்கள் பீரங்கிக்கும் பாய்க்கும் திருத்தத்துக்கும் பங்காகிறதால, ஆள் காணாட்டில் நிரப்புற நேரம் நீளும். சிதறு குண்டு வாங்கி ஆக்கள் குறைஞ்சவுடன முதல்ல மந்தமாகிறது லோங் தட்டுத்தான். சண்டை நடுவில பாய் வேலையை நிப்பாட்டி ஆக்களைப் பீரங்கிக்கு அனுப்பலாம், ஆனால் நேரா ஓடுற நேரத்தில மட்டும். திரும்பேக்கை செய்தால் காற்றுக்கு முகம் குடுத்து நிண்டுபோவியள்.

தெரியாத கப்பலோட மோதமுதல் செய்யவேண்டியது ஒண்டு. பீரங்கியின்ர விபரத்தைத் திறந்தால் எந்தத் தூரத்தில எவ்வளவு ஊடுருவல் எண்டு காட்டும். எதிர்க்கப்பலின்ர பலகைத் தடிப்போட ஒப்பிடுங்கோ. சரிவாப் பட்டால் தடிப்புக் கூடினமாதிரித்தான், தெறிச்சுப்போகும். ஆகவே இரண்டும் சமமா இருந்தால் காணாது, மேலதிகம் வேணும். திருகோணமலையின்ர 18, அமெரிக்க ஃப்ரிகேட் கொன்ஸ்ரிரியூசனுக்கு எதிரா நிக்கிற இடம் இது. 1812 ஓகஸ்ட் 19இல் பிரித்தானிய ஃப்ரிகேட் கெரியரின்ர 18 இறாத்தல் குண்டுகள் கொன்ஸ்ரிரியூசன்ர பக்கத்தில பட்டுத் தெறிச்சது, அதின்ர 24கள் கெரியரின்ர பாய்மரங்களை விழுத்தினது. விளையாட்டிலயும் பக்கத்துக்குப் பக்கம் நிண்டு மாறிமாறி அடிச்சால் முடிவு அதுதான். திருகோணமலையில நிக்கிற ஆள் அதின்ர பின்னணியத்தைத் தேடவேணும், இல்லாட்டில் விலகவேணும்.

இரட்டைக் குண்டும் இரட்டை வெடிமருந்தும் ஒண்டில்லை. இரட்டைக் குண்டு சேதத்தைக் கூட்டும், ஊடுருவலைக் குறைக்கும். மெல்லிய பலகைக்கு, ஒட்டி நிக்கேக்கை. இரட்டை மருந்து ஊடுருவலைக் கூட்டும், தடிச்ச பலகைக்கு. கொன்ஸ்ரிரியூசனுக்கு இரட்டைக் குண்டு போட்டு ஏமாறுறவை இரண்டையும் குழப்பிறவை.

பரந்தன்:
எங்கட இணைப்பைப் பற்றியும் எழுதவேணும். நாலாம் தலைமுறை இணைப்பு இரவில இழுபடேக்கை திருப்புற கட்டளை பிந்தும். 100 மீற்றரில ஒட்டி நிண்டு கரொனேட் சண்டை பிடிக்கிறவைக்கு அது பெரிய இடைஞ்சல், லோங் 18ஓட 400 மீற்றரில நிக்கிறவைக்கு அவ்வளவு தெரியாது. கரண்ட் போனால் உங்கட கப்பல் சண்டைக்குள்ளயே அநாதையா நிக்கும். ரௌட்டருக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒண்டும், மடிக்கணனியும் இருந்தால் சண்டையை முடிக்கலாம்.

துணுக்காய்:
அப்ப திருகோணமலைக்குக் கீழ லோங் 18, மேல 32 கரொனேட், முன்னுக்கு லோங் 9. ஆள் குறைவெண்டால் கீழ மீடியம் 18 போடலாமோ அண்ணை?

வவுனியா:
போடலாம் தம்பி. மீடியம் 18 பாரம் குறைவு, நிரப்ப வேகம். ஆனால் பூட்டுத் திறக்கிற தூரத்தை மாத்தவேணும். லோங்குக்கு 400 எண்டால் மீடியத்துக்கு 300 மீற்றருக்குள்ள வாங்கோ, மேல்தட்டுக் கரொனேட்டுக்கு 200. வேகமான சின்னக் கப்பல்களைத் துரத்திற வேலைக்கு மீடியம் நல்லம், கொன்ஸ்ரிரியூசன் திரியிற பக்கம் போறதெண்டால் லோங்கைக் கழட்டாதேங்கோ.