'விடோ' என்ற கட்டத்தில் விழுந்த சரி அடையாளம்: பெண்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் நம் அனுபவங்களும்

பரந்தன், ஆங்கில ஆசிரியை:

போன மாதம் மாலை வகுப்பு முடிந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவியின் தாயார் நான்காக மடித்த படிவத்தோடு வந்தார். வாழ்வாதார உதவிக்கு ஒரு நிறுவனம் கொடுத்தது, முழுவதும் ஆங்கிலம். வெளிக்கள உத்தியோகத்தர் நீல மையால் தானே நிரப்பிவிட்டு, கையெழுத்தை மட்டும் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

"ரீச்சர், என் பெயருக்குக் கீழே ஒரு கட்டத்தில் சரி போட்டிருக்கிறார்கள். அது என்ன சொல்?"

'விடோ'. வாய் வரவில்லை. கடைசியில் விதவை என்று சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. "அவர் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது ரீச்சர்?" என்று மட்டும் கேட்டார். நெற்றியில் குங்குமம் இருந்தது. 2009 மே மாதம், போர் முடிந்தபோது, வட்டுவாகலில் கணவரை இராணுவத்திடம் கையளித்துவிட்டு வந்தவர் அவர். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமற்போனவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது முதல் நாளே போய் உட்கார்ந்தவர்.

இது மனம் நோகாமல் பேசும் விஷயம் மட்டுமல்ல. அந்தச் சொல்லே பிழை. கணவன் இறந்துவிட்டவள்தான் 'விடோ'. காணாமற்போனவரை இறந்தவராகப் பதியாமல், காணாமற்போயிருக்கிறார் என்றே சான்றிதழ் வழங்க 2016இல் இந்த நாட்டுச் சட்டமே இடம் கொடுத்துவிட்டது. சட்டம் சொல்லாததைப் பேனா ஏன் சொல்ல வேண்டும்? அந்த அடையாளத்தை வெட்டி, மணமானவர் என்ற கட்டத்தில் சரி போட்டு, பக்கத்தில் அவரையே கையெழுத்திட வைத்தேன். பெயருக்கு முன்னால் 'எம் எஸ்' என்ற இரண்டு எழுத்துகளை எழுதினேன்.

அந்த இரண்டு எழுத்துகளின் கதை நம் பெண்களுக்குத் தெரிய வேண்டும். 'மிஸ்', 'மிஸிஸ்' இரண்டுமே 'மிஸ்ட்ரெஸ்' என்ற சொல்லின் சுருக்கங்கள். அதற்கு அன்று வீட்டுத் தலைவி என்று பொருள்; இன்று தனியே சொன்னால் ஆசைநாயகி என்றாகிவிடும், கவனம். 18ஆம் நூற்றாண்டில்கூட மணமாகாத மதிப்புள்ள பெண்களுக்கும் 'மிஸிஸ்' போட்டார்கள். பிறகுதான் அது தாலியின் அடையாளமானது. மணமானவரா இல்லையா என்று கேட்காமலே மரியாதை தர ஒரு சொல் வேண்டும் என்று அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரப் பத்திரிகை ஒன்று 1901இலேயே எழுதி, 'எம் எஸ்' என்பதை முன்வைத்தது. 1970களில் பெண்ணுரிமை இயக்கத்தோடு அது பரவியது. நியூயோர்க் டைம்ஸ் 1986இல்தான் ஏற்றுக்கொண்டது. இரண்டு எழுத்தாக எழுதினாலும் 'மிஸ்' போல ஒரே சொல்லாகத்தான் உச்சரிக்க வேண்டும்; ஆனால் கடைசி ஒலி வண்டு இரைவது போல அதிர வேண்டும். 'மிஸ்' போலக் கூராக முடியக்கூடாது.

திருமதிக்கும் செல்விக்கும் நடுவில் நமக்கு இப்படியொரு சொல் இன்னும் ஊன்றவில்லை. இந்த மண்ணில்தான் அது மிகவும் தேவைப்படுகிறது.

முகமாலை, மிதிவெடி அகற்றும் பணியாளர்:

ரீச்சர் சொன்னதைப் படித்ததும் என் முதல் அறிக்கை நினைவுக்கு வந்தது. 'இரண்டு பீமேல் தண்ணீர் குடிக்கப் போனார்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் என்னைத் தனியாக அழைத்தார். "தங்கச்சி, 'பீமேல்' இன்னொரு சொல்லுக்கு முன்னால் வந்தால் குற்றமில்லை. 'பீமேல்' பணியாளர் என்று எழுதலாம். தனியே நிறுத்தினால் ஆட்டையும் மாட்டையும் எண்ணுவது போலிருக்கும். 'வுமன்' என்று எழுதுங்கள்" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நம் 'பெட்டை' அப்படித்தானே? அம்மம்மா "என்ரை பெட்டை" என்று கூப்பிட்டால் நெஞ்சு குளிரும். சந்தியில் நிற்கும் ஒருவன் அதையே சொன்னால் திரும்பிப் பார்க்கவும் கூசும்.

மாங்குளம், விருந்தினர் விடுதிப் பணியாளர்:

'லேடி' உயர்ந்த சொல் என்று படித்ததால், ஏ9 வீதியால் வந்து தங்கிய ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் "லேடி, தேநீர்?" என்று கேட்டேன். முகம் சட்டென்று மாறிவிட்டது. வந்திருந்த லண்டன் அண்ணை ஒருவர் பிறகு விளக்கினார்: 'இந்த லேடிக்குத் தேநீர் கொடுங்கள்' என்றால் மரியாதை, முகத்துக்கு நேரே தனியே 'லேடி' என்றால் அதட்டல். பலர் நின்றால் 'லேடீஸ்' என்று விளிக்கலாம். ஒருவரை அழைக்க 'மேடம்' போதும். பிரெஞ்சு மொழியில் அதற்கு 'என் தலைவி' என்று பொருளாம்.

'லேடி' பழைய ஆங்கிலத்தில் ரொட்டிக்கு மாவு பிசைபவள் என்ற சொல்லிலிருந்து வந்தது என்றும் சொன்னார். ரொட்டியைக் காப்பவன் 'லோர்ட்' ஆனானாம். காலை நான்கு மணிக்கு எழும்பி எங்கள் விடுதிக்கு மாவு குழைக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். கையைக் கழுவாமலே நின்று முழுவதையும் கேட்டார்.

வவுனியா, அலுவலக எழுதுநர்:

எங்கள் பிரிவில் நான்கு பெண்கள். புதிதாக வந்த அதிகாரி எங்களை 'கேர்ள்ஸ்' என்பார். மூத்தவருக்கு வயது 52. பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. "எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் சேர்" என்று அவரே ஒருநாள் எழுந்து நின்று சொன்னார். அன்றோடு நின்றது. 'கேர்ள்' என்பது முன்பு ஆண், பெண் இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவான சொல்லாம். எங்கள் 'பிள்ளை' இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அதைச் சொல்ல வயதும் உறவும் வேண்டும்.

ரீச்சர், அந்தப் படிவம் என்னவாயிற்று?

பரந்தன், ஆங்கில ஆசிரியை:

திருத்தியபடியே எடுத்துக்கொண்டார்களாம். உதவி கிடைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. அம்மா இப்போது மகளோடு வகுப்புக்கு வந்து பின்வாங்கில் இருக்கிறார். மகளின் பழைய கொப்பியில் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுகிறார். 'எம்' நன்றாக வருகிறது. 'எஸ்' எழுதும்போது கீழ்வளைவு எதிர்ப்பக்கமாகப் போய்விடுகிறது. அழித்துவிட்டு மறுபடியும் எழுதுகிறார்.