பல்போவா பூங்காவில் சிலையாக நிற்கும் கேட் செஷன்ஸ் யார்?

புதுக்குடி:
அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரத்துக்குக் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. பல்போவா பூங்காவில் கேட் செஷன்ஸ் என்ற அம்மையாரின் சிலையைப் பார்த்தேன், 'பூங்காவின் தாய்' என்கிறார்கள். மரம் நட்டதற்காக மட்டுமா இவ்வளவு மரியாதை? அவ்வளவு மரத்துக்கும் யார் காசு போட்டது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாற்றங்கால்:
யாரும் காசு போடவில்லை, அதனால்தான் எனக்கு இந்தக் கதை அவ்வளவு பிடிக்கும். 1868-லேயே நகரம் 1,400 ஏக்கரைப் பூங்காவுக்கென்று ஒதுக்கிவிட்டது, ஆனால் இருபது வருஷம் தாண்டியும் அது பெரும்பாலும் வறண்ட புதர்க்காடாகவே கிடந்தது. செஷன்ஸ் 1881-இல் பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் வாங்கி, இங்கே டீச்சராக வந்து, அப்புறம் அந்த வேலையை விட்டுவிட்டு நாற்றுப்பண்ணை வைத்தவர். பண்ணைக்கு இடம் வேண்டுமே! 1892-இல் பூங்காவின் ஒரு மூலையில் சுமார் 30 ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்டார், வாடகை மரமாகத்தான். வருஷத்துக்கு 100 மரம் பூங்காவில் நட வேண்டும், இன்னும் 300 மரம் ஊரின் மற்ற இடங்களுக்குக் கொடுக்க வேண்டும், இப்படிப் பத்து வருஷம். கணக்குப் போட்டால் 4,000 மரம். கன்றை நட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகிற வேலை இல்லை இது, நட்டவருடைய பிழைப்பே அதே மண்ணில் நடந்தது, தினமும் கண்ணெதிரே நிற்கிற மரத்தை யார் வாட விடுவார்கள்?

கள்ளிச்செடி:
எல்லாம் சரி, ஆனால் வருஷத்துக்கு 250 மி.மீ. மழைகூடச் சரியாகப் பெய்யாத ஊரில் யூகலிப்டஸையும் வெளிநாட்டு மரங்களையும் கொண்டுவந்து வைத்தது நல்லதா? மே, ஜூனில் தெருவெல்லாம் ஊதாவாகப் பூக்கும் ஜகரண்டாவே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், இங்கே அதைப் பரப்பியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நாற்றங்கால்:
யூகலிப்டஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தம்மா வெளிநாட்டுச் செடிகளோடு நிற்கவில்லை. கலிபோர்னியாவின் சொந்தச் செடிகளையும் தோட்டங்களில் வைக்கச் சொல்லி ஓயாமல் எழுதினார், பக்கத்து மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா வரை போய் ஒரு பனை வகையைத் தேடிக் கொண்டுவந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செடி வளர்க்கவும் சொல்லிக்கொடுத்தார். 1935-இல் இதே பூங்காவில் நடந்த சர்வதேசக் கண்காட்சியின்போது 'பூங்காவின் தாய்' என்று சொல்லி மேடையில் கௌரவித்தார்கள், 1939-இல், புதுச் செடி வகைகளைக் கொண்டுவந்து பரப்புகிறவர்களுக்குக் கொடுக்கும் மெயர் பதக்கமும் கிடைத்தது, அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். மறு வருஷம் 82 வயதில் காலமானார்.

புதுக்குடி, சிலையோடு திரும்பிவிடாதீர்கள். ஆறாவது அவென்யூவில் வடக்கே நடந்து யூபஸ் தெரு முனைக்குப் போங்கள், பண்ணை இருந்தது அந்தப் பக்கம்தான்.